தாமஸா, சக்கிங்டனா?

ரயில் பைத்தியம் பிடித்த குழந்தைக்கு எந்தத் தொடரைப் போட்டுவிடலாம்? இரண்டுமே பேசும் ரயில் எஞ்சின்களைப் பற்றிய குழந்தைகள் தொடர்கள், பிரிட்டனில் பிறந்தவை. ஆனால் வளர்ப்பு வேறு.

தாமஸ் தொலைக்காட்சிக்கு வந்தது 1984-இல். மூலக்கதைகள் ஆட்ரி என்ற பாதிரியார் எழுதியவை. முதல் புத்தகம் 1945-இல் வெளிவந்தது. கதை நடக்கும் கற்பனையான சோடார் தீவில் ஓர் எஞ்சினுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டே ‘நீ உபயோகமானவன்’ என்பதுதான். முரண்டு பிடித்தால் தண்டனை. மழையில் பச்சை பெயிண்ட் கெட்டுவிடும் என்று ஹென்றி என்ற எஞ்சின் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வர மறுக்கிறான். இழுத்துப் பார்க்கிறார்கள், தள்ளிப் பார்க்கிறார்கள். அப்புறம் அவனை உள்ளேயே விட்டு, முன்னால் செங்கல்சுவர் எழுப்பிவிடுகிறார்கள்! சுரங்கப்பாதை அழுக்கில் அந்தப் பெயிண்டும் பாழாகிறது. பெரியவர்களுக்கே பகீர் என்கிறது.

2008-இல் வந்த சக்கிங்டனில் சுவரெல்லாம் இல்லை. வில்சன், ப்ரூஸ்டர், கோகோ மூவரும் பயிற்சி எஞ்சின்கள். சொன்னதைக் காதில் வாங்காமல் ஓடிச் சொதப்புவார்கள். மூத்த எஞ்சின்கள் சொல்லித்தர, மறுபடி செய்து பார்ப்பார்கள். வேகப்பிரியை கோகோ பெண் எஞ்சின் என்பது கூடுதல் சந்தோஷம். பழைய தாமஸில் பெண்கள் என்றால் பெரும்பாலும் தாமஸ் இழுத்துச் செல்லும் ஆனி, கிளாராபெல் பெட்டிகள்தான். 2018-இல் நியா, ரெபேக்கா என்ற பெண் எஞ்சின்களும் முக்கியக் குழுவில் சேர்ந்தன.

மூன்று வயது என்றால் சக்கிங்டன் போதும். ஐந்து வயதாகிவிட்டதா? சரி, சின்ன மாதிரி ரயில்களை நிஜமாகவே ஓட்டிப் படம்பிடித்த பழைய தாமஸ். ஹென்றி கதைக்கு மட்டும் பக்கத்தில் உட்காருங்கள், கேள்விகள் வரும்.