பத்தாயிரம் போனது, பழுது போகவில்லை: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

திருச்சியில் நான் ஓட்டிக்கொண்டிருப்பது 2003ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. இந்த வண்டியின் தயாரிப்பே 2014இல் நின்றுவிட்டது. ஆகவே எந்தப் பட்டறைக்குப் போனாலும் "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரு வாக்கியம் முதலில் வந்துவிடும். அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலையாட்டியதால் ஒரு மாதத்துக்குள் 10,300 ரூபாயை இழந்தேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் என்னிடம் முறையான ரசீது கிடையாது. வெள்ளைத் தாளில் கிறுக்கிக் கொடுத்த கணக்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது என் தவறுதான்.

தொடக்கத்தில் கண்ட அறிகுறி மிகச் சிறியது. இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது மீட்டர் பலகையில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. காற்றுக்காக புளோயரையும் போட்டால் இன்னும் கொஞ்சம் தெளிவாக எரிந்தது, இரண்டையும் அணைத்தால் அதுவும் அணைந்துவிட்டது. பகலில் அது எரிந்ததே இல்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் சாவியைத் திருப்பியபோது செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்று மட்டும் சத்தம் வந்தது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து, வழக்கமாகப் போகும் பட்டறைக்கே கொண்டுபோனேன். இரவில் விளக்கு எரிவதை நான் விவரித்தபோது அங்கிருந்த மெக்கானிக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னால் தெரிந்தது, நோய் இன்னதென்று சொல்ல அந்த ஒரு அறிகுறியே போதுமானதாக இருந்தது.

அவர் பேட்டரி மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். ஆறு செல்லிலும் மிதவை சிவப்புப் பகுதியில் நின்றது. "பாத்தீங்களா சார், ஆறும் போச்சு" என்றார். கண்ணால் கண்டதால் நம்பினேன். உண்மையில் அவர் காட்டியது சார்ஜ் இறங்கிய பேட்டரியை, செத்த பேட்டரியை அல்ல. முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி எண் 1.265க்கு மேல் இருக்கும், சார்ஜ் இறங்க இறங்க அது குறையும். ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால்தான் அந்தச் செல் கெட்டது என்று பொருள். ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். அதை இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, 12.6 வோல்ட் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் பழைய பேட்டரிக்கு வயது 14 மாதம், உத்தரவாத அட்டை வீட்டில் அலமாரியில் இருந்தது. அது நினைவுக்கு வருவதற்குள் புதிய 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி ஒன்று 4,200 ரூபாய்க்கு வண்டியில் ஏறிவிட்டது. ஈய விலைக்கே நல்ல காசு பெறும் பழைய பேட்டரியை அவர் எடுத்து வைத்துக்கொண்டார், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

பதினொரு நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை.

இந்த முறை அவர் செய்த சோதனையைத்தான் இந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொருவரும் தடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறொரு பேட்டரியை இணைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் டெர்மினலைக் கழற்றிவிட்டார். இன்ஜின் திணறி நின்றது. "டைனமோ கரண்டு குடுத்தா வண்டி நிக்காது சார். காயில் எரிஞ்சு போச்சு" என்றார். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பலர் இப்படிச் செய்து பழகியிருக்கிறார்கள், ஆனால் அப்போதும் இது நல்ல பழக்கம் அல்ல. பட்டறைகளில் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி அது. அது தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாமல் போகும் அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறக்கூடும், அதில் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போகலாம். கார்புரேட்டருக்குப் பதில் கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் இசிஎம் என்கிற கணினிப் பெட்டியே போகலாம். என் வண்டியில் அது தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

"புதிய" ஆல்டர்னேட்டருக்கு 5,500, கூலிக்கு 600 கொடுத்தேன். அதன் மேல் வெள்ளிப் பெயின்ட் பளபளத்தது. போல்ட் தலைகளிலும் அதே பெயின்ட் அப்பியிருந்ததைப் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. பழைய ஆல்டர்னேட்டரைத் திருப்பிக் கேட்டதற்கு "ஸ்கிராப்புல போட்டாச்சு" என்று பதில் வந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் தஞ்சாவூரிலிருந்து திரும்பி வரும்போது, துவாக்குடியை நெருங்கும் இடத்தில் ஹெட்லைட் மஞ்சளாகி, ஹாரன் சத்தம் கம்மிப்போய், வண்டி நின்றேவிட்டது. கூடவே மனைவியும் எண்பது வயது மாமியாரும் இருந்தார்கள். அந்த இரவைப் பற்றி மேலும் எழுதினால் இது வேறு பதிவாகிவிடும். மறுநாள் நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு மூத்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி: "சிவப்பு லைட்டு எரியுதா தம்பி? பளிச்சுன்னா, மங்கலாவா?"

மங்கலாக, அதுவும் ஹெட்லைட் போட்டால் மட்டும் என்று சொன்னதும் அவர் பாதி விடையைக் கண்டுவிட்டார். அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் மின்சாரம் வருகிறது, மறு முனை ஆல்டர்னேட்டரோடு இணைந்திருக்கிறது. இரு பக்கமும் சமமாக இருந்தால் விளக்கு எரியாது. ஆல்டர்னேட்டர் அடியோடு செத்திருந்தால் விளக்கு பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால் இரு பக்கத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ட் வேறுபாடு இருக்கிறது என்று பொருள். ஒன்று, ஆல்டர்னேட்டருக்குள் டையோடு போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து பேட்டரிக்கு வரும் வழியில் எங்கோ மின்சாரம் தடைபட வேண்டும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். ஆல்டர்னேட்டரின் பின்புற போல்ட்டில் 14.4 வோல்ட், பேட்டரி முனைகளில் 12.8. ஒரு கம்பியை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தபோது மீட்டர் 1.5 காட்டியது. அது 0.3க்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கத்தை அதேபோல் அளந்தார், 0.1தான் இருந்தது, அங்கே குற்றமில்லை. மீட்டரை ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம் அளக்கும் நிலைக்கு மாற்றியும் ஒருமுறை பார்த்தார். அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடு சந்தேகத்துக்குரியது, என்னுடையது தாண்டவில்லை. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயர் பேட்டரிக்கு அருகில் ஃப்யூஸ் லிங்க்கோடு (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் உருகி அறுபடும் பாதுகாப்பு இணைப்பு) சேரும் இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, வயரின் தோல் வெந்து கருகியிருந்தது. அந்த இடத்தில் பதினான்கு ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 21 வாட் வெப்பம் உண்டாகும், அதாவது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரோ தன் வாசலில் 14.4 இருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. பேட்டரிக்கு வர வேண்டியது வழியிலேயே சூடாகித் தீர்ந்துபோகிறது. செல்ஃப் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து தனிக் கேபிள் போவதால், சார்ஜ் இருக்கும்வரை வண்டி குறையில்லாமல் ஸ்டார்ட் ஆகிவிடும். புதிய பேட்டரி பதினொரு நாள் தாக்குப்பிடித்ததன் ரகசியம் இதுதான். பகலில் செலவு குறைவு, கிடைப்பது போதும். இரவில் இரண்டு ஹெட்லைட்டுக்கு மட்டும் ஒன்பது பத்து ஆம்பியர் வேண்டும், அதற்கு மேல் பெட்ரோல் பம்ப்பும் ரேடியேட்டர் ஃபேனும் வேறு.

கருகிய துண்டை வெட்டிவிட்டுப் புது வயரும் லக்கும் போட்டுச் சால்டர் செய்தார், ஃப்யூஸ் லிங்க்கையும் மாற்றினார். அவசரத்துக்கு ஃப்யூஸ் லிங்க்கை விட்டுவிட்டு நேராக வயரை இழுத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதற்கு ஒருநாளும் சம்மதிக்கக் கூடாது, ஷார்ட் ஆனால் வண்டி பற்றி எரியும் என்றும் சொன்னார். இப்போது ஹெட்லைட் போட்ட நிலையில் பேட்டரியில் 14.1. கூலியும் சாமானும் சேர்த்து 350 ரூபாய். வெள்ளிப் பெயின்ட் ஆல்டர்னேட்டரையும் கழற்றிப் பார்த்தார். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து நகம் அளவுதான் மிஞ்சியிருந்தது, ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தது. புதியது என்று எனக்கு விற்கப்பட்டது எத்தனை வருடம் ஓடியதோ, தெரியவில்லை.

ஆகவே உங்கள் வண்டியில் பேட்டரியோ டைனமோவோ போயிற்று என்று யாராவது சொன்னால், ஹெட்லைட் போட்டு இன்ஜின் ஓடும் நிலையில் ஆல்டர்னேட்டரில் எத்தனை வோல்ட், பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண்களை உங்கள் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்று சொல்கிறவரிடம் மின்சார வேலையைக் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகம் உங்களுடையது, அதை வாங்கிக்கொண்டுதான் பணத்தை எடுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது கேளுங்கள். அது கையில் இருந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நானும் அழைத்திருப்பேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்கு ஒருமுறை போனேன். அளவுகளைச் சொன்னேன், கருகிய வயர்த் துண்டையும் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்.