50 ரூபாய் உரிமம், 5,000 ரூபாய் அபராதம்: மாநகராட்சியின் நாய் உரிமச் சேவை குறித்து ஒரு வடசென்னை மதிப்பீடு

நாய் வளர்ப்போருக்குப் பெருநகர சென்னை மாநகராட்சி வழங்கும் உரிமச் சேவை, சேவை என்ற அளவில் நன்றாகவே நடக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் விதிகள்தான் வடசென்னையின் வீடுகளையும் சந்துகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாகத் தோன்றவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால், உரிமம் என்று வாயெடுத்தாலே பழைய வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பேச்சு வாக்குவாதமாகிவிடுகிறது. ஆகவே முதலில் சேவையைப் பற்றியும் பிறகு விதியைப் பற்றியும் எழுதுகிறேன்.

மாநகராட்சியின் இணையதளத்தில் உரிமையாளரின் படம், நாயின் படம், முகவரிச் சான்று, வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். அவை சரிபார்க்கப்பட்டதும் ஆண்டுக்கு 50 ரூபாய் செலுத்தி உரிமத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கைப்பேசி பழகியவர்களுக்கு இதில் சிரமம் எதுவும் இல்லை. கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் வெயிலில் நிறுத்திப் படம் எடுப்பது நல்லது. வீட்டுக்குள் எடுத்த படத்தில் எங்கள் நாயின் கண்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கைப்பேசி பழகாதவர்கள் கணினி மையத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது, அங்கே கேட்கும் கூலி உரிமக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருப்பது வேடிக்கைதான்.

தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. வடசென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் மையங்கள் புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் உள்ளன. நான் சென்ற புளியந்தோப்பு மையத்தில் மருத்துவர் பொறுமையானவர். ஊசியைக் கண்டு மிரண்ட நாய்களை முதலில் முகரவிட்டு, கழுத்தைத் தடவிக் கொடுத்து, அதன் பிறகே வேலையைத் தொடங்கினார். சிப் என்பது அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி. இரு தோள்களுக்கும் நடுவில் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். வரிசையில் இருந்த ஆயா ஒருவர், "சிப்பு போட்டுட்டா எங்க ஓடிப் போனாலும் போன்ல காட்டுமா தம்பி?" என்று கேட்டார். காட்டாது. அதில் மின்கலமும் இல்லை, இருப்பிடம் காட்டும் கருவியும் இல்லை. படிப்பான் கருவியை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன என்பதில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது. இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் வைத்தால் மருத்துவரின் நேரம் மிச்சமாகும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் வந்தது என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து உரிமமும் சிப்பும் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு வந்தது. நவம்பர் இறுதியில் முடிய வேண்டிய கெடு டிசம்பர் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. பொது இடத்தில் கழுத்துப்பட்டையும் கயிறும் வாய்மூடியும் கட்டாயம் ஆயின. அதே டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி முடிவெடுத்தது. ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் 23 இன நாய்களுக்கு எதிராக அனுப்பிய சுற்றறிக்கை நீதிமன்றங்களில் நிற்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மையத்தின் வரிசையில் நடந்த விவாதம் எந்த மன்றக் கூட்டத்துக்கும் குறைந்ததன்று. ராட்வைலரைப் பிடித்திருந்த இளைஞர், "இன்னாண்ணே, கடிக்கிறது பூரா தெருநாயி, ஃபைன் மட்டும் எங்களுக்கா?" என்றார். அவர் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் ஏற்பாடு. அந்தப் பொறுப்பு உள்ளாட்சியைச் சேர்ந்தது, அதற்கு அபராதம் விதிப்பார் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் நின்ற, காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து விற்கும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "நீ சங்கிலி போட்டு வெச்சா இன்னா, அவுத்து வுட்டா இன்னா, கூடையத் தூக்கினு அந்தச் சந்துல நான்தானே போவணும்" என்றார். வெறிநாய்க்கடி நோய் முற்றியவர்களைத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாது என்பதை இங்கே யாரும் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70இல் வீட்டு நாய், தெருநாய் என்ற வேறுபாடு கிடையாது. என் நிலை அந்த அக்காவின் பக்கம்தான் சாய்கிறது, இனத்தின் பெயரால் தடை விதிப்பதில் மட்டும் இளைஞரோடு உடன்படுகிறேன். கட்டிப்போட்டே வளர்த்து, ஆளையே காட்டாமல் வெறி ஏற்றினால் எந்த இனமும் கடிக்கும்.

ஆனால் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. விதிகள் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டாகப் பிரிக்கின்றன: முன்னதற்கு உரிமையாளர் பொறுப்பு, பின்னதற்கு உள்ளாட்சி பொறுப்பு. வடசென்னையின் பெரும்பாலான நாய்கள் இந்த இரண்டிலும் அடங்காதவை. ஒரு வீட்டில் காலையில் பால் சோறு, அடுத்த வீட்டில் மதியம் மீன் தலை, இரவில் மூன்றாம் வீட்டின் படியில் உறக்கம், தெருவில் யாருக்காவது முடியாமல் போனால் ஆட்டோவின் பின்னாலேயே ஓட்டம் என்று வாழும் நாய்க்கு மணி என்றோ டைகர் என்றோ பெயர் இருக்கும். உரிமையாளர் என்ற கட்டத்தில் எழுதத்தான் பெயர் இருக்காது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒவ்வொரு மாடிப்படிக்கும் இப்படி ஒன்று உண்டு. இந்த நாயைத் தூக்கிச் சென்று தன் பெயரில் உரிமம் எடுக்க முன்வருபவர் என்ன பெறுகிறார்? நாளை அது யாரையாவது கடித்தால், விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்ததற்காகப் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, அதாவது ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, அவரை நோக்கியே வரும். எடுக்காமல் சோறு மட்டும் போட்டால், ஆய்வுக்கு வருபவர் இது உங்கள் நாயா என்று கேட்பார். எங்கள் நாய் இல்லை என்று சொல்வதே எல்லாருக்கும் லாபம் என்று ஆகிவிட்டது. ஐந்து வீடுகள் சேர்ந்து பொறுப்பேற்று, தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, தெருவுக்குப் பொதுவான நாய் என்றே பதிந்துகொள்ள உரிமப் படிவத்தில் ஒரு வழி இருந்தால், இப்போது கணக்கில் வராத நாய்களில் பாதியேனும் ஊசிக்கு வரும் என்பது என் கணிப்பு.

வாய்மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விதி அதைக் கட்டாயமாக்கியதே தவிர எதை வாங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைப்பது நைலான் பட்டை. அது வாயை இறுக்கிக் கட்டிவிடும். நாய்க்கு உடம்பில் வியர்ப்பதில்லை, நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மே மாதப் பிற்பகலில் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் வாய் கட்டிய நாயை நடத்திச் செல்வது கொடுமை மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து. கூடை வடிவ வாய்மூடியையே வாங்குங்கள்; அதற்குள் நாய் வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். கடைக்காரர்கள் லாப்ரடாருக்கான அளவை எடுத்து நீட்டுவார்கள். நாட்டு நாயின் முகம் குறுகி நீண்டிருப்பதால் அது கழன்று விழும். முகத்தின் நீளத்தையும் சுற்றளவையும் நூலால் அளந்துகொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை. வாங்கிய அன்றே மாட்டி வெளியே இழுத்துச் செல்லாமல், சில நாள்கள் அதற்குள் கருவாட்டுத் துண்டு வைத்து நாயே மூக்கை நுழைக்கும்படி பழக்க வேண்டும்.

சேவையின் பெரிய குறை தொலைவு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் என்று வடக்கில் ஆறு மண்டலங்கள் இருக்க, நான் சொன்ன இரு மையங்களும் ஆறாவது மண்டலத்திலேயே இருக்கின்றன. எண்ணூரிலிருந்து நாயோடு வருபவரைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோவுக்குப் போக வர ஆகும் செலவில் தனியார் மருத்துவரிடமே ஊசி போட்டுக்கொள்ளலாம். கெடு நெருங்கிய வாரங்களில் நடந்த சிறப்பு முகாம்களைத் திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதம் ஒருமுறையாவது நடத்த வேண்டும்.

உரிமம் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எடுத்துவிடுங்கள், 50 ரூபாய்க்கு இது தகும். தனியாரிடம் ஊசி போட்டிருந்தால் சான்றிதழில் மருந்தின் பெயரும் தொகுதி (பேட்ச்) எண்ணும் அடுத்த தவணைத் தேதியும் மருத்துவரின் பதிவெண்ணும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதி மருத்துவமனை ஒன்று கொடுத்த அட்டையில் முத்திரை இல்லாமல் மறுபடியும் போய் நிற்க வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, உரிமமோ 12 மாதத்துக்கு. இடையில் வீடு மாறினால் சிப் எண்ணுக்கு எதிரே உள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் தொலைந்த நாயைப் பழைய வீட்டுக்காரரிடம்தான் கொண்டுபோய் விடுவார்கள்.