டாக்கர்ல ஜிபியூ: ஜிபியூஸ் ஃபிளாக்கா, சிடிஐயா, ஏஎம்டியா?

டாக்கர் கண்டெய்னருக்குள்ள (ஆப்பையும் அதுக்கு வேண்டியதையும் சேத்து அடைச்ச தனி பெட்டி) பைடார்ச் (ஏஐ மாடல் ஓட்டற லைப்ரரி) ஓடுது ஆனா ஜிபியூ கார்டு மட்டும் தெரியலன்னு கேக்கற ஆளுங்கள்ல நெறைய பேர் இன்னும் என்விடியா டாக்கர் 2 போடச் சொல்ற பழைய டுடோரியலையே பிடிச்சு தொங்கிட்டு இருக்காங்க. அத முதல்லயே கழிச்சு விட்டுடலாம். கார்ட கண்டெய்னருக்குள்ள காட்டறதுக்கான என்விடியா டாக்கர் 2016ல டாக்கர் மேல ஒரு ரேப்பரா வந்துச்சு, அப்புறம் தனி ரன்டைமா (கண்டெய்னர ஓட வைக்கற ப்ரோக்ராம்) மாறிச்சு, 2019 ஜூலைல டாக்கர் 19.03 வந்தப்ப ஜிபியூஸ்ங்கற ஃபிளாக் டாக்கருக்குள்ளயே வந்துடுச்சு, இப்ப அந்த பழைய ரெப்போவே ஆர்க்கைவ் ஆயிடுச்சு. புதுசா செட் பண்றவங்களுக்கு அதுல வேலையே இல்ல.

என்விடியா கார்டுக்கு எந்த வழில போனாலும் ஒரு விஷயம் பொது: டிரைவர் ஹோஸ்ட்ல (கண்டெய்னர் ஓடற மிஷின்) இருக்கணும், கூடா (என்விடியா கார்டுல கணக்கு போட வைக்கற சாஃப்ட்வேர்) லைப்ரரி எல்லாம் இமேஜுக்குள்ள (கண்டெய்னர உருவாக்கற அச்சு) இருக்கும். ஹோஸ்ட்ல கூடா டூல்கிட் தேவையே இல்ல. என்விடியா எஸ்எம்ஐ (கார்டு நிலவரம் காட்டற கமாண்ட்) மேல காட்டுற கூடா வெர்ஷன் இன்ஸ்டால் ஆனது இல்லங்க, அந்த டிரைவர் அதிகபட்சம் எது வரைக்கும் தாங்கும்ங்கறது தான்.

இப்ப ஜிபியூஸ் ஃபிளாக். என்விடியாவோட கண்டெய்னர் டூல்கிட் போட்டு, அதோட வர்ற என்விடியா சிடிகேல ரன்டைம் கான்ஃபிகர் கமாண்ட் அடிச்சு, டாக்கர ரீஸ்டார்ட் பண்ணி, ரன் பண்றப்ப ஜிபியூஸ் ஆல்னு குடுத்தா முடிஞ்சுது. இவ்ளோ ஈசியா வேற எதுவும் வராது, ஒத்துக்கறேன். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னா, கண்டெய்னர் கெளம்பற நேரத்துல ஒரு ஹூக் (நடுவுல ஓடற குட்டி ப்ரோக்ராம்) பூந்து ஹோஸ்ட்ல இருக்கற டிரைவர் ஃபைல், டிவைஸ் எல்லாத்தையும் டாக்கர்கிட்ட சொல்லாமலேயே உள்ள கோத்து விடுது. சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்கள நிர்வகிக்கறது) தான் சிகுரூப்ப (எந்த ப்ராசஸ் எத தொடலாம்ங்கற கட்டுப்பாடு) பாத்துக்குதுன்னா அதுக்கும் இந்த டிவைஸ் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால யாராவது டீமன் ரீலோட் அடிச்சா, இல்ல ஏதோ பேக்கேஜ் அப்டேட் அதையே பின்னாடி செஞ்சா, பர்மிஷன் பறந்துடும், உள்ள போய் பாத்தா என்விஎம்எல் (கார்டோட பேசற என்விடியா லைப்ரரி) அன்னோன் எரர். ஏற்கனவே கார்ட ஓப்பன் பண்ணி வச்சிருக்கற ப்ராசஸ் தொடர்ந்து ஓடும், புதுசா ஒண்ண ஸ்டார்ட் பண்றப்ப தான் அடி விழும், அதனால எப்ப போச்சுன்னே பிடிபடாது. செட்டப் நாளோட சுகத்த வச்சு ஒரு வழிய எடை போடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

சிடிஐ (கண்டெய்னர் டிவைஸ் இன்டர்ஃபேஸ், கண்டெய்னருக்கு டிவைஸ் குடுக்கறதுக்கான பொது முறை) அந்த ஒளிஞ்சு செய்யற வேலைய ஒரு யாம்ல் ஃபைல்ல எழுதி வச்சிடுது: இந்த டிவைஸ், இந்த லைப்ரரி, இந்த மவுண்ட். ஜெனரேட் கமாண்ட் ஒரு தடவ அடிச்சா எட்சி கீழ சிடிஐ ஃபோல்டர்ல உக்காந்துக்கும், டிவைஸ் ஆப்ஷன்ல பேர சொன்னா போதும். ரன்டைமுக்கே டிவைஸ் தெரியறதால மேல சொன்ன ரீலோட் தலைவலி இல்ல. டாக்கருக்கு மாற்றான பாட்மேன் வச்சிருந்தா யோசிக்கவே வேணாம், இது தான் வழி, ரூட் இல்லாமலும் நல்லா ஓடும் (ஃபெடோரா மாதிரி எஸ்இலினக்ஸ்ங்கற பாதுகாப்பு அடுக்கு இருக்கற இடத்துல லேபிள தளர்த்தணும், அது தனி கூத்து). டாக்கர்ல வெர்ஷன் 25ல சோதனை அம்சமா வந்துச்சு, புது வெர்ஷன்கள்ல தானாவே ஆன்ல இருக்கும். பாதுகாப்புலயும் ஒரு உதாரணம் இருக்கு: 2024ல டூல்கிட் 1.16.1 வரைக்கும் ஒரு ஓட்டை வந்துச்சு, விஷமமான இமேஜ் ஒண்ணு ஹோஸ்ட் ஃபைல் வரைக்கும் கை வைக்கலாம்ங்கற அளவுக்கு, சிடிஐ யூஸ் பண்ணவங்களுக்கு அந்த பாதிப்பு இல்ல.

குறை இல்லாம இல்ல. அந்த யாம்ல்ல டிரைவர் வெர்ஷன் நம்பரோட ஃபைல் பேர் இருக்கும், டிரைவர் அப்டேட் பண்ணிட்டு திரும்ப ஜெனரேட் பண்ண மறந்தா கண்டெய்னர் கெளம்பவே கெளம்பாது. ஆனா இது உடனே, சத்தமா ஃபெயில் ஆகுது பாருங்க, எனக்கு அதுவே மேல்.

ஏஎம்டி பக்கம் கதையே வேற. அங்க ஹூக்கும் வேணாம் ரன்டைமும் வேணாம், டெவ் கீழ இருக்கற கேஎஃப்டியையும் டிஆர்ஐயையும் டிவைஸா குடுத்து வீடியோ, ரெண்டர் குரூப்ப சேத்தா ஆர்ஓசிஎம் (கூடா மாதிரி ஏஎம்டியோட சாஃப்ட்வேர்) இமேஜ் ஓடிடும். ரெண்டர் குரூப்ப பேர் சொல்லி குடுக்காம ஹோஸ்ட்ல இருக்கற நம்பர குடுங்க, இமேஜுக்குள்ள அந்த பேரு வேற நம்பரா இருக்கலாம், இல்லாமயே போகலாம். கண்டெய்னர் விஷயத்துல மட்டும் பாத்தா என்விடியாவ விட இது நேர்மையான டிசைன், ஆனா உங்க கார்டு ஆர்ஓசிஎம் லிஸ்ட்ல இல்லன்னா அந்த அழகெல்லாம் எதுக்கு? ரேடியான் கார்டு வாங்கறதுக்கு முன்னாடியே லிஸ்ட பாத்துடுங்க.

விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) வழியா போறவங்க டிரைவர விண்டோஸ்ல மட்டும் போடுங்க, உள்ள உபுண்டுல லினக்ஸ் டிரைவர் போட்டா கெட்டுடும், அங்க ஜிபியூஸ் ஃபிளாக்கே போதும். வீட்ல ஒரே மிஷின், டாக்கர் மட்டும், அப்பப்ப தான் ஓட்டுவேன்னா அதுவும் ஃபிளாக் தான். நாள் கணக்கா ஓடற சர்வருக்கு சிடிஐ. ஃபிளாக் வழில எஃப்எஃப்எம்பெக் வச்சு வீடியோ என்கோட் பண்றவங்க டிரைவர் கேப்பபிலிட்டீஸ் வேரியபிள்ல வீடியோவையும் சேத்துடுங்க, சும்மா விட்டா கம்ப்யூட், யூட்டிலிட்டி ரெண்டு மட்டும் தான் உள்ள வரும்.