உப்புக்காற்று வீசும் ஊரில் ரிவால்வர் உறை: நைலான், தோல், கைடெக்ஸ் மூன்றையும் கட்டிப் பார்த்த அனுபவம்

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .32 ரிவால்வர் ஒன்றை 9 ஆண்டுகளாக இடுப்பில் சுமந்து வருகிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் உரிமம் வாங்கி, சென்னைத் தங்கசாலைத் தெருவில் ஒரு நகை மொத்த வியாபாரியிடம் பாதுகாவலராகச் சேர்ந்தேன். வீடு தண்டையார்பேட்டையில். காலையில் சௌகார்பேட்டையிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குச் சரக்கு போகும்போது உடன் போவதும், மாலையில் பணத்தோடு திரும்புவதும் என் வேலை. ஆறு தோட்டா கொள்ளும், நடுவில் மடங்கித் திறக்கும் அந்த ரிவால்வர், தோட்டா இல்லாமலே ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ளது. இத்தனை ஆண்டுகளில் நான்கு உறைகளை மாற்றிவிட்டேன். ஆயுதத்துக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள்கூட உறையை, கடைக்காரர் எடுத்து நீட்டியதை அப்படியே வாங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஆயுதத்தை மறைத்துச் சுமப்பது சட்டத்தின் கட்டளை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர், அதற்கென்று செய்யப்பட்ட உறையிலோ பையிலோ வைத்து, முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. ஆகவே சட்டையை வெளியே விட்டு அதன் அடியில் கட்டுவதே வழக்கம். சட்டைக்கு அடியில் என்றால் உடம்போடு ஒட்டி என்று பொருள். உடம்போடு ஒட்டி என்றால், இந்த ஊரில், காலை 9 மணிக்கே வியர்வையில் ஊறுவது என்று பொருள். காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்றும், எண்ணூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் நல்லதென்று பெயர் வாங்கிய உறை இங்கே வந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி.

முதலில் கட்டியது நைலான் உறை. விலை 450 ரூபாய். இலேசானது, தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும், இடமும் வலமும் மாற்றிக் கட்டலாம். அந்த நன்மைகளை எல்லாம் ஒரே நாளில் மறக்கும்படி ஒன்று நடந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்து இறங்கினேன். கடையின் உள்ளறையில் ரிவால்வரை வெளியே எடுத்துச் சரிபார்த்துவிட்டு மீண்டும் உறையில் இறக்கும்போது, பாதி வழியில் ஏதோ தடுப்பது போலிருந்தது. உறையிடும்போது, டிரிக்கர் அழுந்தினால் பின்னோக்கி எழும்பித் தோட்டாவை அடிக்கும் பாகமான குதிரையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்வது என் பழக்கம். விரலுக்கு அடியில் குதிரை மெல்லப் பின்னோக்கி எழும்புவதை உணர்ந்தேன். கையை அப்படியே நிறுத்தி, ஆயுதத்தை வந்த வழியே வெளியே எடுத்துப் பார்த்தால், ஆட்டோவில் நசுங்கிய உறையின் வாய் உட்பக்கமாக மடிந்து, அந்த மடிப்பின் நுனி டிரிக்கர் வளையத்துக்குள் புகுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் குண்டு என் தொடையில் பாய்ந்திருக்கும். துணி மெத்தென்று இருப்பதால், வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் டிரிக்கரின் வளைவே கைக்குத் தட்டுப்பட்டது. அன்று மாலையே அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்; வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக.

அடுத்து தோல். இதில் இரண்டு அனுபவங்கள் உண்டு, இரண்டும் நேர் எதிரானவை. முதல் தோல் உறை கறுப்பாக, பளபளப்பாக, கைப்பை போல மிருதுவாக இருந்தது. கடையில் அதன் மென்மையை ஒரு பெருமையாகவே சொன்னார்கள். குரோம் முறையில், அதாவது குரோமிய உப்புகளால் பதனிட்ட தோல் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது, ரிவால்வரை அந்த உறையிலேயே வைத்து இரும்பு பீரோவில் பூட்டிவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது குழல் நுனியிலும் தோட்டா உருளையின் ஒரு பக்கத்திலும் கடுகு கடுகாகத் துரு. பெல்ட்டின் தோல் கண்ணிகளில் செருகி வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது அதில் தங்கிய உப்புகள் அந்த ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். தவறு பாதி தோலினுடையது, பாதி என்னுடையது. எந்தத் தோலானாலும், உறை என்பது சுமப்பதற்கு மட்டுமே, ஆயுதத்தைச் சேமித்து வைக்க அல்ல என்பதை அன்றுதான் கற்றேன்.

இரண்டாவது உறையைப் பெரியமேட்டில் தைத்துக்கொண்டேன். தோல் மண்டிகள் நிறைந்த அந்தத் தெருக்களில், பெல்ட்டும் கருவிப் பைகளும் தைக்கும் ஒரு பெரியவர் இரண்டு துண்டுகளை என் கையில் கொடுத்து மடித்துப் பார்க்கச் சொன்னார். குரோம் தோல் துணி போல மடிந்தது. மற்றொன்று அட்டை போல விறைத்து நின்றது, முகர்ந்தால் மரப்பட்டை வாசனை. "இது பட்டைத் தோல் சார், ஆவாரம்பட்டையில ஊறினது, சொன்ன உருவத்துல நிக்கும்" என்றார். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து முடிக்கும் அந்த முறை திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றது. அவர் தோலை நனைத்து, ரிவால்வரின் அளவுக்குச் செதுக்கிப் பாலித்தீனில் சுற்றிய மரக்கட்டை ஒன்றின்மேல் அழுத்தி, உருளை புடைத்து நிற்கும் இடத்தையும் டிரிக்கர் வளையத்தின் விளிம்பையும் எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்காட்டினார். வாயைச் சுற்றி இன்னொரு பட்டை வைத்து இரட்டையாகத் தைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். நைலானில் பட்ட பாடு அப்படிக் கேட்க வைத்தது. கூலியும் தோலும் சேர்ந்து 1,800 ரூபாய். உடம்புக்கு அதைப் போல இதமானது வேறில்லை. முதல் மாதம் இறுக்கமாக இருந்தது, பிறகு இடுப்பின் வளைவுக்கே பழகிவிட்டது. எடுக்கும்போது சத்தமும் கிடையாது.

ஆனால் இரண்டு கோடைகள் கழிந்தபின் வியர்வை படும் பின்பக்கம் கறுத்து, தளர்ந்துவிட்டது. வாய்ப்பட்டை இன்னும் நிற்கிறது என்றாலும், அதற்குக் கீழே தோல் சற்றுத் தொய்ந்திருக்கிறது. தேர்தல் காலத்தில் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த வாரங்களில் அதை நிழலில் உலர்த்தி, மெழுகு தடவிப் பார்த்தேன். ஓரளவுக்கே தேறியது.

இப்போது கட்டுவது கைடெக்ஸ் உறை. வடநாட்டில் செய்து அஞ்சலில் வந்தது, 3,200 ரூபாய். கைடெக்ஸ் என்பது அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த பிளாஸ்டிக் தகடு. 1960களில் அமெரிக்காவில் விமானங்களின் உள்பாகங்களுக்காக உருவாக்கப்பட்டது. சூடுபடுத்தி மெத்தென்று ஆக்கி ஆயுதத்தின் வார்ப்பின்மேல் அழுத்தினால் அந்த உருவத்திலேயே இறுகிவிடும். அதன் பெரிய குணம், வாய் எப்போதும் திறந்தே இருப்பது. பேருந்தில் நசுங்கினாலும், நாற்காலியின் கைப்பிடியில் இடித்தாலும், ரிவால்வரை எடுத்தபின் வாய் மூடிக்கொள்வதில்லை. டிரிக்கர் வளையம் முழுவதும் கெட்டியான சுவருக்குள் இருப்பதால் வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் டிரிக்கர் அசையாது. உள்ளே இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆயுதம் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வியர்வையைக் குடிப்பதில்லை, இரவில் குழாயடியில் கழுவித் துடைத்தால் போதும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. சித்திரை, வைகாசியில் அந்த வழவழப்பான தகட்டுக்குப் பின்னால் வியர்வை தேங்கி, இடுப்பில் கைப்பிடி அளவு வேர்க்குரு வந்துவிடும். உள்ளே பனியன் போடாமல் இதைக் கட்டக் கூடாது. புழுதி உள்ளே போனால் தகடு உப்புத்தாளாகிவிடும். என் ரிவால்வரின் குழல் நுனியிலும் உருளையின் இரு ஓரங்களிலும் கரும்பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரிவது இந்த உறை தந்த பரிசு. தினமும் ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைக்கத் தொடங்கியபின் அது மேலும் பரவவில்லை. ரிவால்வரை உறை பிடித்துக்கொள்ளும் பிடியை இறுக்கும் திருகு மூன்று மாதத்துக்கொரு முறை தளர்ந்தது. வீட்டில் இருந்த நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து முடுக்கியபின் நிற்கிறது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இதைப் போட்டு வைக்கக் கூடாது, சூட்டில் இளகி உருமாறக்கூடியது.

முன்பக்கம் கைடெக்ஸும் பின்பக்கம் தோலுமாக வரும் கலப்பு உறையை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு மாதம் கட்டினேன். இதம் இருந்தது, ஆனால் வியர்வையைக் குடிக்கும் வேலையைப் பின்பக்கத் தோல் மறக்கவில்லை. நம் ஊருக்கு அதில் பாதி நன்மைதான் கிடைக்கிறது.

எந்தப் பொருளானாலும் பெல்ட் சரியில்லை என்றால் வீண். வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டும் மூத்த காவலர்கள் சிலர் அதிலேயே உறையைச் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். அது பணம் வைக்க நல்லது, 700 கிராம் இரும்பைத் தாங்க அல்ல. பட்டைத் தோலில் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான பெல்ட் வேண்டும்.

ஆகவே தினமும் சுமப்பவர் கைடெக்ஸ் வாங்கலாம். மாதத்தில் சில நாள் மட்டும் சுமப்பவருக்கு, வாய்ப்பட்டை வைத்த பட்டைத் தோல் போதும். வாங்கியதும் வீட்டில் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு முறை சரிபார்த்தபின், காலியான ரிவால்வரை உறையில் செருகி மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். விழக் கூடாது. பிறகு ரிவால்வரை எடுத்துவிட்டு, உறையின் வாயை இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மூடினால் அது வேண்டாம். இந்த இரண்டிலும் தவறினால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், அங்கே பணம் கொடுக்காதீர்கள்.