ஹொண்டா சிவிக் எஸ்ஐ கூப்பே: பாவித்த காராக வாங்கலாமா?

2017 முதல் 2020 வரை விற்ற ஹொண்டா சிவிக் எஸ்ஐ கூப்பே, சிவிக்கின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் வடிவம். அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கிளச் மிதிக்க விருப்பம் உள்ளவர் என்றால் வாங்குங்கள். ஆனால் முதல் சொந்தக்காரர் எஞ்சினில் கைவைக்காத காராகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது 2019ஆம் ஆண்டுக் கார், சாம்பல் நிறம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து இரவு வேலைக்கும், கடைக்கும், அப்பாவை வைத்தியரிடம் கூட்டிப்போகவும் இதுதான். வீட்டில் வேறு கார் இல்லை.

இந்தக் கார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரன். ரொறன்ரோவில் இருந்து 400 நெடுஞ்சாலையில் வடக்கே போய், 89இல் மேற்கே திரும்பினால் அலிஸ்ரன் வரும். ஹொண்டா அங்கே 1986இல் இருந்து கார் செய்கிறது. இந்தத் தலைமுறைக் கூப்பேயும் அங்கேதான் பொருத்தப்பட்டது. சிவிக்கில் கூப்பே என்ற வடிவம் 1993இல் வந்தது. 2020 மொடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தலைமுறை எஸ்ஐ நாலு கதவோடு மட்டுமே வந்தது. ஆகவே இரண்டு கதவுச் சிவிக் வேண்டும் என்றால் இனிப் பாவித்த கார்தான்.

எஞ்சின் 1.5 லீற்றர், நாலு சிலிண்டர், ரேர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி). 205 குதிரைவலு. இதற்கு முந்திய 2.4 லீற்றர் எஸ்ஐயிலும் கடைசி இரண்டு வருடம் அதே 205தான். ஆனால் வலு வருகிற விதம் வேறு. பழையது 7,000 ஆர்பிஎம்வரை (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் தடவை) முறுக்கினால்தான் முழுதாகத் தரும். இது 2,100இல் இருந்து 5,000வரை 260 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையை ஒரே அளவில் தருகிறது. மார்க்கம் வீதியில் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்றாம் கியரில் விட்டு மிதித்தாலே போதும், லொறிகளின் வேகத்துக்கு வந்துவிடும். கியரைக் குறைக்க வேண்டியதில்லை.

சத்தம்தான் எனக்குக் குறை. 2006இல் வந்த எஸ்ஐயின் 2 லீற்றர் எஞ்சின் 8,000 ஆர்பிஎம்வரை ஏறும். அந்தக் கடைசி ஆயிரத்தில் அது போடுகிற கூச்சலைக் கேட்டவர்களுக்கு இது ஊமை. இதன் சிவப்புக் கோடு, அதாவது ஆர்பிஎம் எல்லை, 6,500. 5,700ஐத் தாண்டினால் மூச்சு அடங்கிவிடும், அதற்கு மேல் இழுப்பதில் பலன் இல்லை. அந்தப் பழைய எஞ்சினை நேசிப்பவர்களோடு நான் வாதாட மாட்டேன், அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எனக்குத் தினமும் தேவைப்படுவது நடுப்பகுதி இழுவை. அது இதில் தாராளம்.

இனி கியர். இந்தக் காரை வாங்க ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆறு கியர், மனுவல் மட்டும். இந்த எஸ்ஐக்கு ஓட்டோ கியர் விற்கவே இல்லை. கம்பின் ஓட்டம் குறுகியது. இரண்டில் இருந்து மூன்றுக்குத் தள்ளும்போது அது எங்கே போய் விழவேண்டும் என்று கை தேடுவதில்லை, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கிளச் மிகவும் மென்மை. பின்னேரம் 401இல் ஊர்ந்துபோகிற நேரத்தில் இடது கால் நோகும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு ஒருபோதும் நோகவில்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கார் கொஞ்ச நேரம் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் உருளாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு அது பெரிய உதவி.

கியர்க் கம்பின் தலை அலுமினியம். தை மாதத்தில் வெளியே நிறுத்திய காருக்குள் ஏறி வெறுங்கையால் அதைப் பிடித்தால் சுடும். ஆம், குளிர்தான், ஆனால் சுடுவது போலத்தான் இருக்கும். கையுறை போட்டால் கியரின் உணர்வு போய்விடும். அதனால் நான் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பின்னல் குல்லா ஒன்றை அதன்மேல் மாட்டி ஓடுகிறேன். அந்த ஐந்து நிமிடமும் மெதுவாகத்தான் ஓட வேண்டும். அந்தக் குளிரில் எந்த மனுவல் பெட்டியின் எண்ணெயும் தடித்துத்தான் இருக்கும். வற்புறுத்தித் தள்ளக்கூடாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்த பிறகும் இந்த எஞ்சினின் ஆர்பிஎம் உடனே இறங்காது, ஒரு கணம் மேலேயே தொங்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் காற்று வழியைக் கணினி மெதுவாகத்தான் மூடுகிறது. அவசரமாக ஒன்றில் இருந்து இரண்டுக்கு மாற்றினால் கார் ஒரு குலுக்குக் குலுக்கும். கிளச்சை மிதிக்கச் சற்று முதல் காலை எடுத்துவிட்டால் அந்தக் குலுக்கல் இல்லை. கொஞ்சக் காலத்தில் கால் பழகிவிடும். ஆனால் பரீட்சித்துப் பார்க்கும் பத்து நிமிடத்தில் "இது என்ன கியர்" என்று வெறுத்துப் போய்விடுவீர்கள். அதற்காகக் காரைத் தள்ளிவைக்க வேண்டாம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஒன்றை வாடகைக்கு ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோ என்று சொல்வார். எனக்குப் பக்கத்தில் இருக்கும்போது நான் நாலாம் கியரில் சோம்பலாக 40இல் போனால், "மூண்டில போடு பிள்ளை, எஞ்சின் முக்குது" என்பார். மூன்றில் போட்டதும் கார் நிமிரும், அவரும் நிமிர்ந்து உட்காருவார். இங்கே வந்ததில் இருந்து ஓட்டோ கார்களில் பயணியாக இருந்தவர், இதில்தான் மறுபடியும் பேசத் தொடங்கினார். இந்தக் கார் எனக்கு இவ்வளவு பிடித்துப் போனதற்கு அது பெரிய காரணம். ஆனால் அவருக்கு இதில் ஏறி இறங்குவது கஷ்டம். சீற் தாழ்வு, முழங்கால் வலி உள்ளவர் எழும்ப ஒரு கை கொடுக்க வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் இதை மறக்காமல் யோசியுங்கள்.

வளைவுகளில் இது முன்சில்லு இழுக்கும் கார் என்பதை மறந்தே போவேன். முன்னச்சில் லிமிற்றட் ஸ்லிப் டிஃபரென்ஷல் இருக்கிறது. வழமையான முன்சில்லுக் காரில் வளைவின் நடுவில் மிதித்தால் உள்பக்கச் சில்லு வீணாகச் சுற்றும், கார் வெளியே அகலும். இதில் அந்த வலு வெளிப்பக்கச் சில்லுக்குப் போய், மூக்கை உள்ளே இழுக்கிறது. கலிடனில் இருக்கும் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிற் வீதியின் கொண்டையூசி வளைவில் வேக எல்லைக்குள் ஓடினாலே இதை உணரலாம். எனக்கு அதுதான் முக்கியம். ஒன்ராறியோவில் எல்லையை விட 50 கிலோமீற்றர் கூடப் போனால், 80க்குக் குறைந்த வீதிகளில் 40 கூடப் போனாலே, அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரம் 30 நாளைக்கும் கார் 14 நாளைக்கும் போய்விடும். நானூறு குதிரைவலுவை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? இந்தக் காரின் வலுவை இரண்டாம், மூன்றாம் கியரில் முழுதாகவே அனுபவிக்கலாம், சட்டத்துக்குள்.

குலுக்கலைத் தாங்கும் டாம்பர்கள் இரண்டு நிலை கொண்டவை. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் விறைக்கும், ஸ்ரேரிங்கும் கனக்கும். நகர வீதிக்கு அது தேவையில்லை, பங்குனி மாதக் குழிகளுக்குப் பிறகு நான் அதைத் தொடுவதே இல்லை. ரயர் 235/40, 18 அங்குலம். பக்கச்சுவர் மெல்லியது, குழியில் விழுந்தால் விளிம்பு வளையும். விண்டர் ரயருக்கு 17 அங்குலச் சில்லு எடுங்கள், சவாரியும் மென்மையாகும்.

மற்றப் பாவனை விஷயங்கள் பரவாயில்லை. பின்சீற்றில் பெரியவர்கள் இருவர் ஒரு மணித்தியாலம் தாங்குவார்கள். பின்பெட்டியில் ஒரு கிழமைச் சாமானும் அரிசி மூட்டையும் போகும். கதவுகள் நீளம். அடுக்குமாடியின் நிலத்தடித் தரிப்பிடத்தில் பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் வெளியே வரவே சிரமம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. நான் தேடிய காலத்தில் ஒரு விற்பனையாளர் "ஒரே சொந்தக்காரர், ஒன்றும் மாற்றவில்லை" என்று காட்டிய காரின் கீழே குனிந்து பார்த்தால் புகைக்குழாய் வேறு, ஸ்பிரிங் வெட்டியிருந்தது, முன் ரயர்களின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்தது. இந்தக் காரை வாங்குகிற இளைஞர்கள் பலர் கணினியை மாற்றி வலுவைக் கூட்டுகிறார்கள். கிளச் அதைத் தாங்காது. மூன்றாம் கியரில் முழுதாக மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. அடுத்தது எண்ணெய். இந்த 1.5 ரேர்போ எஞ்சின்களில், குளிர்காலத்தில் குறுகிய தூரம் மட்டும் ஓடினால் பெற்றோல் எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். ஹொண்டாவே இதற்கு மென்பொருள் மாற்றமும் உத்தரவாத நீட்டிப்பும் கொடுத்தது. அளவுக்கம்பியை இழுத்து மணந்து பாருங்கள், மட்டம் மேல்கோட்டைத் தாண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் கசிவும் இந்தத் தலைமுறைச் சிவிக்குகளில் தெரிந்த விஷயம்தான். அதற்கான உத்தரவாதத்தைப் பத்து வருடமாக நீட்டினார்கள். மாற்றியாகிவிட்டதா என்று சேவைப் பதிவில் பாருங்கள்.

எந்த ஆண்டு? 2017, 2018இல் வானொலிச் சத்தத்தைக் கூட்டக்குறைக்கத் திரையைத் தடவ வேண்டும். 2019இல் திருகும் குமிழ் திரும்பி வந்தது, அதற்காகவே நான் அந்த ஆண்டை எடுத்தேன். 2020இல் ஃபைனல் டிரைவ் விகிதத்தை (சில்லுக்கு வலு போகும் கடைசிப் பல்சக்கரங்களின் விகிதத்தை) 4.11இல் இருந்து 4.35 ஆக்கினார்கள். கார் இன்னும் சுறுசுறுப்பாகப் பாயும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். நல்ல 2020 கிடைத்தால் அதையே எடுங்கள்.

இதற்கு மாற்றாக டொயோட்டா ஜிஆர்86ஐச் சொல்வார்கள். பின்சில்லு இழுக்கும், ஓடுவதற்கு இன்னும் இனிமை. ஆனால் பின்சீற் பையை வைக்கத்தான் காணும், அப்பாவோடு அக்காவின் பிள்ளைகளை ஏற்ற முடியாது. ஹொண்டாவின் புதிய பிரெலூட் இரண்டு கதவோடு வந்திருக்கிறது, வடிவான கார், ஆனால் ஹைபிரிட். கியர் மாறுவது போன்ற உணர்வை மின்னணு முறையில் கொடுக்கிறார்கள், கிளச் இல்லை.

கையெழுத்து வைக்க முதல் காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து, உங்கள் தபால் குறியீட்டுக்குக் காப்புறுதி எவ்வளவு என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். விண்டர் ரயர் போட்டால் காப்புறுதியில் தரும் கழிவையும் கேட்டு வாங்குங்கள், ஒன்ராறியோவில் அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.