ட்வார்ஃப் அரசர்களோடு மூன்று வருடம், ஒரு மைலோ டின்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடும் மேசை ஆட்டத்துக்காக நான் உருவாக்கிய முதல் ட்வார்ஃப் (மலைக்குள் வாழும் தாடிக்காரக் குள்ளர்) அரசன் ஒரே அம்பில் செத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து தாடியில் எத்தனை பின்னல், கோடரிக்கு என்ன பெயர், சிம்மாசனம் எந்தக் கல் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆட்டத்துக்கு எண்கள் வேண்டுமே என்று மான்ஸ்டர் மேனுவல் என்ற ஆட்டப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த 'நோபிள்' (பிரபு) கட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். அதில் உயிர்ப்புள்ளி 9 என்பதைக் கவனிக்கவே இல்லை. அரசர் மதில்மேல் ஏறி வீரவுரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து எதிரி ஒருவன் குறுக்குவில்லை இழுத்தான், பகடை உருண்டது, அவ்வளவுதான். மேசையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சித்தி மகன் மெதுவாக, "அக்கா, ராஜாவுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்றான்.

அது 2022. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்து, கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்கும்வரை நடக்கிற ஆட்டம். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். நான்தான் டிஎம் (டன்ஜியன் மாஸ்டர்), அதாவது கதையை நடத்துகிற ஆள். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இது பின்னால் முக்கியமாகும். கதை என்னவோ பழைய கதைதான்: மலைக்குள் ஒரு ட்வார்ஃப் ராஜ்ஜியம், வெளியே போர். இந்த மூன்று வருடத்தில் ஒன்பது அரசர், அரசிகளைச் செய்து பார்த்துவிட்டேன். தேறியது நாலு பேர். எதைச் செய்து தேறினார்கள், எதில் என் நேரம் வீணானது என்று எழுதி வைக்கிறேன், போர் நடத்தப் போகிறவர்களுக்கு உதவும்.

(தமிழில் என்ன சொல்லி அழைப்பது என்று முதல் மாதம் பெரிய சண்டை. 'சித்திரக்குள்ளர்' என்றால் எல்லாருக்கும் சிறுவர் கதை ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறார்கள், போர் நடக்காது. ட்வார்ஃப் என்றே விட்டுவிட்டோம்.)

இரண்டாவது அரசனை டிஎம்முக்கான கையேடான டன்ஜியன் மாஸ்டர்ஸ் கைடின் நான்காம் அத்தியாயத்தை வைத்துச் செய்தேன். தோற்றம், திறமை, பழக்கம், பேசும் விதம், குறை அல்லது ரகசியம் என்று வரிசையாகப் பட்டியல்கள் இருக்கும், பகடையை உருட்டி வருவதை எழுதிக்கொள்ளலாம். எனக்கு வந்தது: நன்றாக நடனமாடுவார், சும்மா இருக்கும்போது விசிலடிப்பார், கூடாத காதல் ஒன்று உண்டு. பத்தே நிமிடத்தில் ஆள் தயார். 'விசில் ராஜா' என்று பெயர் வைத்துவிட்டார்கள், பிரியமாகத்தான். ஆனால் எதிரியின் தூதன் வந்து, மேல்கணவாயைக் கொடுத்தால் படையைத் திருப்பிக்கொள்கிறோம் என்று சொன்ன அன்று நான் முழித்தேன். இந்த ஆள் கொடுப்பாரா மாட்டாரா? விசிலிலும் நடனத்திலும் அதற்குப் பதில் இல்லை. சத்திரக்காரனுக்கும் வாயிற்காவலனுக்கும் அந்தப் பட்டியல்கள் அருமை, இன்றும் அதற்குத்தான் பயன்படுத்துகிறேன். அரசனுக்குப் போதாது.

நடுவில் ஒரு சாட்பாட்டிடம் கேட்டுப் பார்த்த கதையும் உண்டு. ஐந்து அரசர் கேட்டேன், ஐந்து பேரும் பிடிவாதக்காரர்கள், ஐந்து பேரும் மகனைப் போரில் பறிகொடுத்தவர்கள், ஐந்து பேரிடமும் பாட்டன் கொடுத்த சுத்தியல். ஒரு மாலை வீண்.

மாறியது எங்கே என்றால், மஸ்ஜிட் ஜாமெக்கில். எல்ஆர்டியிலிருந்து இறங்கி, இரண்டு ஆறும் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்கு மனப்பாடம் செய்த செஜாரா (வரலாறு) திரும்ப வந்தது. 1857இல் ஈயம் தேடி 87 பேர் இந்தப் பக்கம் வந்து அம்பாங் காட்டுக்குள் போனார்கள், ஒரே மாதத்தில் காய்ச்சல் அடித்து மிஞ்சியது 18 பேர். அவர்களை அனுப்ப மலாக்கா வியாபாரிகளிடம் 30,000 டாலர் கடன் வாங்கியிருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1867இல், சிலாங்கூரில் சண்டை வெடித்தது: கிள்ளானில் வரி வசூலிப்பது யார் என்பதில் ராஜா மஹ்டிக்கும் ராஜா அப்துல்லாவுக்கும். 1872இல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த வருடம் ஊரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் அதைத் திரும்பப் பிடித்தார். ஜெயித்தவர் கையில் இருந்தது எரிந்த ஊரும் கழுத்துவரை கடனும்தான். 1879இல் ஈய விலை ஏறிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

நாம் குடியிருக்கிற ஊரே ஒரு சுரங்கப் போரில் எரிந்து எழுந்த ஊர். நான் என்னடா என்றால் தாடிப் பின்னலை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவே ஓர் அட்டை எழுதினேன். பெயர், வயது, அப்புறம் நாலே கேள்வி. இவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? மலைக்குள்ளே நெல் விளையாது, அப்படியென்றால் சோறு எந்த வழியாக வருகிறது? இவரை அரியணையில் உட்கார வைத்தவர்கள் யார்? அடுத்த வாரிசு இந்த நிமிடம் எங்கே இருக்கிறார்? கடைசிக் கேள்வி பேராக் கதையிலிருந்து வந்தது. 1871இல் சுல்தான் அலி இறந்தபோது முறைப்படி அடுத்து வரவேண்டிய ராஜா அப்துல்லா (இவர் வேறு அப்துல்லா) இறுதிச் சடங்குக்கு வரவில்லை, ராஜா இஸ்மாயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தத் தகராறு லாருட் சுரங்கச் சண்டையோடு பின்னிக்கொண்டு ஆங்கிலேயரோடு போட்ட 1874 பங்கோர் ஒப்பந்தம்வரை இழுத்தது. மூன்றாவது கேள்விக்கு நெகிரி செம்பிலான் கைகொடுத்தது. அங்கே யாங் டி பெர்துவான் பெசாரை, அதாவது மாநில அரசரை, நான்கு உண்டாங் (வட்டாரத் தலைவர்கள்) சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த நால்வர் தாங்களே அந்தப் பதவிக்கு நிற்க முடியாது. ட்வார்ஃப் ராஜ்ஜியத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் எழுத முடியாது என்று தோன்றியது: நாலு சுரங்கத் தலைவர்கள், மகுடம் யாருக்கு என்று முடிவு செய்வார்கள், தாங்கள் சூட முடியாது.

இப்படிப் பிறந்தவள் அரசி தட்டகை. அப்பாவின் கல்லறையை மூடிய நாளில் முதல் வாரிசு அவள் இல்லை, தம்பி கொட்டகன். (எங்கள் உலகத்தில் ஆண் வாரிசு முதலில், சண்டைக்கு வராதீர்கள்.) அவன் எல்லையில் போரில் இருந்தான், வந்து சேர இரண்டு நாள் தாமதம். கல் மூடியாகிவிட்டது, அக்காளுக்கு மகுடம் வைத்தாகிவிட்டது. அவன் படையோடு திரும்பி வந்து வாசலில் நின்றான். பெயர் வைப்பதற்கு ஒரே விதிதான்: வல்லினம் இரட்டிக்க வேண்டும், வாயில் கல் மென்றமாதிரி இருக்க வேண்டும். பார்க்கப்போனால் நம் பழைய அரசர் பெயர்களே ட்வார்ஃப் பெயர்கள்தான். குட்டுவன், தித்தன், சொல்லிப் பாருங்கள்.

வயதை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். 2014 புத்தகத்தின்படி ட்வார்ஃப் சராசரி ஆயுள் 350, ஐம்பது வயதுவரை சின்னப்பிள்ளைக் கணக்கு. நான் விளங்கிக்கொண்டது இப்படி: 2024இல் 300 வயது ஆகிற ட்வார்ஃப் பாட்டி பிறந்தது 1724. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கும்போது அவளுக்கு 62, இப்போதுதான் பெரிய மனுஷி. நமக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது அவளுக்கு நேரில் பார்த்தது. அப்படிப்பட்டவளிடம் போய் "அந்தப் பழைய கடனை மறந்துவிடுங்கள்" என்று உங்கள் 25 வயது மனிதக் கதாபாத்திரம் சொன்னால் எப்படி இருக்கும்? இதை ஆட்டக்காரர்களுக்கு ஒருமுறை சொன்னேன், அதற்குப் பிறகு அரசவையில் அவர்கள் பேசும் விதமே மாறிவிட்டது.

இப்போது டின். முற்றுகை என்றால் சோறு தீரவேண்டும், தீருவது கண்ணுக்குத் தெரியவேண்டும். கோட்டைக்குள் 4,000 பேர், ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்தேன், நாளைக்கு நாலு டன். 120 நாள் இருப்பு. முதலில் நாளுக்கு ஒன்று என்று கிண்ணத்தில் கச்சாங் பூத்தே (கடலை நொறுக்குத்தீனி) போட்டு நடுமேசையில் வைத்தேன். முற்றுகை தொடங்கி இருபது நிமிடத்தில் களஞ்சியம் காலி, எதிரி ஒன்றும் செய்யவில்லை, என் ஆட்டக்காரர்களே தின்றுவிட்டார்கள். அடுத்த வாரம் பழைய மைலோ டின்னில் பச்சைப்பயறு 120. ஆட்டத்தில் ஒரு நாள் போனால் ஒரு பயறை எடுத்து வெளியே வைப்பேன். யாராவது "அரசியிடம் எவ்வளவு இருப்பு?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டேன், டின்னைக் குலுக்குவேன். நிறைய இருக்கும்போது மழைமாதிரி கேட்கும். முப்பதுக்குக் கீழே போனதும் ஒவ்வொரு பயறும் தனித்தனியாகக் கேட்கும். நான் எழுதிய எந்த வசனமும் அவர்களை அந்தச் சத்தம்போல வாயடைக்க வைத்ததில்லை.

எங்கள் வக்கீல் நண்பர் விளையாடுவது பார்ட், அதாவது பாணன். அக்காளும் தம்பியும் மதிலுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நிற்க, அவர் நடுவில் போய் நின்று கோவூர் கிழாரை எடுத்துவிட்டார். உறையூரை நலங்கிள்ளி முற்றுகை போட்டு, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தபோது அந்தப் புலவர் சொன்னது புறநானூற்றில் இருக்கிறதல்லவா: எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, இரண்டு பேர் தலையிலும் சோழர் சூடும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. நண்பர் அதையே தாடி வளையத்துக்கு மாற்றி, "ரெண்டு பேர் தாடியிலயும் ஒரே வளையம்தானே தொங்குது" என்றார். எனக்கே புல்லரித்தது. இருபது முகப் பகடையை உருட்டினார். ஆறு.

சரி, தோல்விதான், ஆனால் என்ன மாதிரித் தோல்வி என்பதை அட்டை சொன்னது. கொட்டகனுக்கு அக்காள்மேல் வெறுப்பில்லை. படைக்குச் சம்பளம் கடன், கடன் கொடுத்த வியாபாரிக்குக் கோட்டையின் வெள்ளிச் சுரங்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டான், பின்வாங்கினால் அவன் ஆட்களே அவனை முடித்துவிடுவார்கள். அதனால் அவன், "நீ சொல்றது சரிதான் பாணரே, நேத்து வந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனான். நர்ஸ் தோழி அதைப் பிடித்துக்கொண்டாள். நேராக அரசியிடம் போய், "அம்மா, உங்களுக்குத் தானியம் கொடுத்தது யாரு?" என்று கேட்டாள். நான் அட்டையைப் பார்த்தேன். அதே வியாபாரி. சத்தியமாக நான் அப்படித் திட்டமிடவில்லை, இரண்டு அட்டையும் வெவ்வேறு மாதத்தில் எழுதியது, சோம்பலில் ஒரே பெயரைப் போட்டிருக்கிறேன். அடுத்த ஆறு செஷனும் போர்க்களத்தை விட்டுவிட்டு அந்த ஆளின் கணக்குப் புத்தகத்தைத் திருடுவதில் போயிற்று. மூன்று வருடத்தில் அதுதான் உச்சம்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஓர் அட்டைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒரே சமயத்தில் மூன்று அரசர்களுக்குமேல் தாங்காது, ஐந்து பேரை ஓட்டப் பார்த்து யாருக்கு யார் கடன் என்பதில் நானே குழம்பி, ஒரு செஷனைப் பாதியில் நிறுத்தினேன். ஒருவர் நாலு வாரம் வந்துவிட்டு, "கணக்குப் பாடம் படிக்கவா வந்தேன்" என்று கழன்றுகொண்டார், அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவருக்குக் கோடரி வீசவேண்டும். இன்னொன்று, என் அரசர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் வங்கி மேனேஜர்போலவே பேச ஆரம்பித்தார்கள். அதற்கு மருந்து, நான் ஒதுக்கிவைத்த அந்தப் பட்டியலே. பழக்கம் என்ற ஒன்றை மட்டும் உருட்டி அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். தட்டகை யோசிக்கும்போது விரல்களை மேசையில் தட்டுவாள். அது போதும், நான் மேசையைத் தட்டினாலே அரசி வந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும்.

எண்களுக்கு இப்போது 'நோபிள்' பக்கமே போவதில்லை. அரசிக்கு 'நைட்', 52 உயிர்ப்புள்ளி. களத்தில் இறங்குகிற தம்பிக்கு 'கிளேடியேட்டர்', 112. 2024 திருத்தத்தில் ட்வார்ஃப் நடை 25 அடியிலிருந்து 30 ஆகிவிட்டது, நாங்கள் மாறவில்லை. மெதுவாகப் பின்வாங்குகிற படையை வைத்துப் பாதிக் கதை ஓடுகிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

டின்னில் இப்போது பதினேழு பயறு. அடுத்த சனிக்கிழமை ஒருத்தர் வீட்டுக் கல்யாணம், ஆட்டம் இல்லை. நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே விவாதம், ஆட்டம் இல்லாத வாரத்துக்கும் பயறு எடுக்கணுமா என்று. எடுக்கக்கூடாது என்று வக்கீல் ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார், இன்னும் கேட்கவில்லை.