ஆல்ட் டேப் அடித்தால் திரை கறுக்கிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றக் கொடுக்காதீர்கள்

கணினி விளையாட்டின் நடுவில், வேறு விண்டோவுக்கு மாற ஆல்ட் டேப் அடித்தால் திரை ஓரிரு நொடி கறுத்து, விளையாட்டு டாஸ்க்பாருக்குள் போய்விடும். இதைக் காட்டித்தான் கோவை காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் என்னிடம் 11,000 ரூபாய் கறந்தார்கள்.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே ஆல்ட் டேப்பைத் தட்டினார். திரை கறுத்தது. "பார்த்தீங்களா சார், கார்டு போகப்போகுது, ஒரு மாசம்கூடத் தாங்காது" என்றார். திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சொன்னார். விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் கார்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, யாரோ பயன்படுத்திய இன்னொன்றை மாட்டினார். பில் என்று தந்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் கடைப்பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கார்டின் சீரியல் எண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் அதே கறுப்பு! எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து, டிஸ்ப்ளே மோடில் ஃபுல் ஸ்கிரீன் என்றிருந்ததை பார்டர்லெஸ் என்று மாற்றினான். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

ஃபுல் ஸ்கிரீனில் பல விளையாட்டுகள் திரையை முழுசாகத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்கின்றன. என் விளையாட்டு ஓடிய ரிசல்யூஷன், அதாவது திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை, 1280-க்கு 720, டெஸ்க்டாப்பில் இருந்தது 1920-க்கு 1080. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற மானிட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்தக் கறுப்பு. பார்டர்லெஸ் என்பது திரை அளவுக்கு விரித்த, ஓரமில்லாத ஒரு விண்டோ. அதனால் சட்டென்று மாறலாம். ஆனால் அதில் பெரும்பாலும் டெஸ்க்டாப் ரிசல்யூஷனிலேயே விளையாட்டு ஓடும், கார்டுக்கு வேலை கூடும். விளையாட்டு உள்ளுக்குள் வரையும் படத்தின் அளவை மாற்றும் ரெண்டர் ஸ்கேல் என்ற செட்டிங் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து கிராபிக்ஸ் செட்டிங்ஸில் விண்டோ விளையாட்டுகளுக்கென்றே ஒரு ஆப்டிமைசேஷன் உண்டு. டைரக்ட்எக்ஸ் 10, 11 விளையாட்டுகளில் தாமதத்தைக் குறைக்கும். பார்டர்லெஸ் இல்லாத பழைய விளையாட்டா? ஆல்ட் என்டர் தட்டிப் பாருங்கள், பலவற்றில் விண்டோவுக்கு மாறும்.

கார்டு நிஜமாகவே பழுதென்றால் விளையாடும்போதே வண்ணப் புள்ளிகள், கோடுகள் தெறிக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் செயலிழக்கும். மாறும்போது மட்டும் கறுத்தால் முதலில் செட்டிங்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், எந்தக் கடையில் கணினியைக் கொடுத்தாலும் கார்டின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். என் பழைய கார்டைத் திருப்பிக் கேட்டதற்கு "வித்தாச்சு சார்" என்று சொல்லிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.